ஒட்டுவில்லை சொல்லாத பெயர்: இன்டெல் கோர் செயலியின் குறியீட்டுப் பெயரைக் கண்டறியும் வழி

பழைய மடிக்கணினி விற்கும் கடையில் ஒரே விலைக்கு இரண்டு கணினிகளை உங்கள் முன் வைக்கிறார்கள் என்று கொள்வோம். இரண்டின் ஒட்டுவில்லையிலும் 'கோர் ஐ5, 10-ஆம் தலைமுறை' என்றே எழுதியிருக்கிறது. இயக்கிப் பார்த்தால் ஒன்றில் ஐ5-10210யு என்ற செயலியும் (பிராசசர்) மற்றொன்றில் ஐ5-1035ஜி1 என்ற செயலியும் இருக்கின்றன. இரண்டும் 2019 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டவை; இரண்டிலும் நான்கு கோர்கள் (கணக்கிடும் மையங்கள்), எட்டுத் திரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் பணித்தொடர்கள்). ஆனால் முதலாவதன் குறியீட்டுப் பெயர், அதாவது வடிவமைப்புக் காலத்தில் இன்டெல் வைத்த பெயர், காமெட் லேக். 2015-இல் வெளிவந்த ஸ்கைலேக் செயலியின் அதே கோர் வடிவமைப்பு, அதே 14 நானோமீட்டர் தயாரிப்பு முறை. இரண்டாவதன் பெயர் ஐஸ் லேக். சன்னி கோவ் என்னும் புதிய கோர், 10 நானோமீட்டர் தயாரிப்பு முறை. ஒட்டுவில்லை ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சிலிக்கன் வேறு.

தலைமுறை எண் என்பது அந்தச் செயலி எந்த ஆண்டின் விற்பனைப் பட்டியலில் இடம்பெற்றது என்பதைத்தான் சொல்கிறது. எந்த முறையில் தயாரிக்கப்பட்டது, எந்தக் கோர், எந்த வரைகலைப் பகுதி, எந்தச் சாக்கெட் (மதர்போர்டில் செயலி பொருந்தும் இடம்) என்பவற்றையெல்லாம் சொல்வது குறியீட்டுப் பெயரே. பழைய கணினி வாங்குவோரும், இருக்கும் மதர்போர்டில் செயலியை மாற்ற நினைப்போரும் எண்ணிலிருந்து இந்தப் பெயருக்குச் செல்லக் கற்றுக்கொண்டால் பல ஆயிரம் ரூபாய் மிச்சமாகும். அந்த வழியை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில் முழு எண்ணைப் பெறுங்கள்

'ஐ5 லேப்டாப்', 'ஐ7 சிஸ்டம்' என்று சொல்வதால் பயனில்லை. ஐ5 என்ற பெயர் 2009-இலிருந்து இருக்கிறது. 2011-இன் ஐ7 ஒன்றை 2021-இன் ஐ3 எளிதாக முந்திவிடும். விற்பவரிடம் கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணையும் இறுதியில் வரும் எழுத்தையும் சேர்த்துக் கேளுங்கள். கணினியின் உடலில் ஒட்டியிருக்கும் வில்லையை நம்ப வேண்டாம். மேல்மூடி மாற்றப்பட்ட கணினிகளில் வில்லை ஒன்றாகவும் உள்ளிருப்பது வேறாகவும் இருப்பதுண்டு. விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தின் வலது மேல்மூலையில் செயலியின் முழுப்பெயர் இருக்கும். அங்கே எண்ணுக்குப் பதிலாக 'ஜெனுயின் இன்டெல் சிபியு 0000' என்று இருந்தால் அது விற்பனைக்கு வெளியிடப்படாத சோதனை மாதிரி. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.

எண்ணைப் பிரித்துப் படித்தல்

மூன்று இலக்க எண் 'ஐ' வரிசையில் வந்தால், அதாவது ஐ7-920, ஐ5-750, ஐ5-520எம் போன்றவை, அது முதல் தலைமுறை. நான்கு இலக்கமாக இருந்து 2 முதல் 9 வரையிலான எண்ணில் தொடங்கினால் அந்த முதல் இலக்கமே தலைமுறை: ஐ5-3320எம் மூன்றாவது, ஐ5-8250யு எட்டாவது. ஐந்து இலக்கமாக இருந்தால் முதல் இரண்டு இலக்கங்கள் தலைமுறை: ஐ5-12400 பன்னிரண்டாவது. குழப்பம் வருவது நான்கு இலக்க எண் 1-இல் தொடங்கும்போதுதான். 1035ஜி1 என்பதை முதல் தலைமுறை என்று சொல்லி மலிவாக விற்றவர்களும் உண்டு, அதே காரணத்தால் அதை வேண்டாமென்று ஒதுக்கிவைத்தவர்களும் உண்டு. அங்கும் முதல் இரண்டு இலக்கங்களையே எடுக்க வேண்டும்: 1035ஜி1 பத்தாவது, 1135ஜி7 பதினொன்றாவது, 1235யு பன்னிரண்டாவது, 1335யு பதின்மூன்றாவது.

இறுதி எழுத்தையும் விட்டுவிடக் கூடாது. யு என்றால் பொதுவாக 15 வாட் அளவில் இயங்கும் மெல்லிய மடிக்கணினிச் செயலி. எச் என்றால் 45 வாட் அளவிலான வேகமான மடிக்கணினிச் செயலி. மேசைக் கணினியில் கே என்றால் வேகத்தைப் பயனர் உயர்த்தலாம். எஃப் என்றால் உள்ளமைந்த வரைகலை இல்லை, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் திரையில் எதுவும் தெரியாது. ஜி-யுடன் வரும் எண் வரைகலையின் அளவைக் காட்டுகிறது; ஐஸ் லேக்கில் ஜி1-க்கு 32 வரைகலை அலகுகள், ஜி4-க்கு 48, ஜி7-க்கு 64. இதை வைத்து முதலில் சொன்ன இரண்டு கணினிகளுக்கு வருவோம். 10210யு 4.2 கிகாஹெர்ட்ஸ் வரை செல்லும், 1035ஜி1 3.6 கிகாஹெர்ட்ஸ் வரைதான். ஆகவே புதிய கோர் தரும் நன்மையைக் குறைந்த கடிகார வேகம் பெருமளவு விழுங்கிவிடுகிறது. ஜி1-க்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. ஜி7 கிடைத்தால் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

மேசைக் கணினியின் உயர்வகை எக்ஸ் வரிசைக்கு மேற்சொன்ன விதி பொருந்தாது. ஐ7-5820கே ஐந்தாம் தலைமுறை எண்ணைத் தாங்கியிருந்தாலும் அது ஹாஸ்வெல்-ஈ, அதாவது நான்காம் தலைமுறையின் கோர். அந்த வரிசையில் பல ஆண்டுகள் எண் ஒரு படி முன்னேயே சென்றது.

தலைமுறையிலிருந்து குறியீட்டுப் பெயருக்கு

இன்டெல் தன் செயலிகளுக்கு வைக்கும் குறியீட்டுப் பெயர்களில் பெரும்பாலானவை ஊர், ஆறு, ஏரி ஆகியவற்றின் பெயர்கள். ஓர் ஊரின் பெயரைத் தன் வணிக முத்திரை என்று எவரும் எளிதில் உரிமை கோர முடியாது என்பதால், வடிவமைப்பு நடக்கும் ஆண்டுகளில் அதைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். நெஹாலம் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்து ஆறு. கான்ரோ டெக்சாஸ் மாநிலத்து நகரம். ஹாஸ்வெல் கொலராடோவின் சிற்றூர். இந்தப் பெயர்களில் வடிவமைத்த குழுவின் முகவரியும் ஓரளவு தெரியும். பெரிய கோர் வடிவமைப்புகளை ஒரிகனில் ஒரு குழுவும் இஸ்ரேலின் ஹைஃபாவில் ஒரு குழுவும் மாறிமாறிச் செய்துவந்தன. சாண்டி பிரிட்ஜுக்கு ஹைஃபா குழு முதலில் வைத்த பெயர் கெஷர். எபிரேய மொழியில் பாலம் என்று பொருள். அதே பெயரில் இஸ்ரேலில் ஓர் அரசியல் கட்சி இருந்ததால் பெயர் மாற்றப்பட்டது. பாலம் மட்டும் ஆங்கிலத்தில் தங்கிவிட்டது.

கோர் குடும்பத்தின் வேர் மடிக்கணினியில் இருக்கிறது. பென்டியம் 4 மிகுந்த வெப்பத்தில் திணறிக்கொண்டிருந்தபோது, 2003-இல் ஹைஃபா குழு வெளியிட்ட பேனியஸ் என்னும் பென்டியம் எம் குறைந்த மின்சாரத்தில் நிறைய வேலை செய்தது. அதன் வழியில் 2004-இல் டோதன், 2006 தொடக்கத்தில் யோனா, அதே ஆண்டின் நடுவில் மேசைக் கணினிக்குக் கான்ரோவும் மடிக்கணினிக்கு மெரமும் வந்தன. 2008 நவம்பரில் வந்த நெஹாலம் நினைவகக் கட்டுப்படுத்தியைச் செயலிக்குள்ளேயே கொண்டுவந்தது. ஐ7 என்ற பெயர் அதனுடன் தொடங்கியது.

அதன் பிறகு வரிசையை மனத்தில் கொள்வது எளிது, ஏனெனில் 2007-இலிருந்து இன்டெல் 'டிக்-டாக்' என்ற ஒழுங்கைப் பின்பற்றியது: ஓர் ஆண்டு பழைய வடிவமைப்பைச் சிறிய டிரான்சிஸ்டரில் தயாரிப்பது, அடுத்த ஆண்டு அதே தயாரிப்பு முறையில் புதிய வடிவமைப்பைக் கொடுப்பது. 2011 ஜனவரியில் 32 நானோமீட்டரில் இரண்டாம் தலைமுறையான சாண்டி பிரிட்ஜ். 2012-இல் 22 நானோமீட்டரில் மூன்றாம் தலைமுறையான ஐவி பிரிட்ஜ். 2013-இல் நான்காம் தலைமுறையான ஹாஸ்வெல். 2014 இறுதியிலும் 2015 தொடக்கத்திலும் 14 நானோமீட்டரில் ஐந்தாம் தலைமுறையான பிராட்வெல். 2015 ஆகஸ்டில் ஆறாம் தலைமுறையான ஸ்கைலேக். இந்த ஐந்து தலைமுறைகளிலும் எண்ணும் பெயரும் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று பொருந்திவிடும். எக்ஸ் வரிசையையும் பென்டியம், செலிரான் பெயரில் வந்த 'ஆட்டம்' (Atom) என்னும் சிக்கன வகைச் செயலிகளையும் விலக்கிவிட்டால் தேட வேண்டிய அவசியமே இல்லை.

ஒழுங்கு ஸ்கைலேக்குடன் குலைந்தது. 10 நானோமீட்டர் தயாரிப்பு முறை திட்டமிட்ட காலத்தில் கைகூடாததால், 2016-இல் வந்த ஏழாம் தலைமுறையான கேபி லேக் அதே 14 நானோமீட்டரில், அதே கோருடன், சற்று உயர்ந்த வேகத்துடன் வந்தது. ஆயினும் அதன் காணொளிப் பகுதி மேம்பட்டது: பத்து பிட் எச்இவிசி, விபி9 ஆகிய சுருக்க வடிவங்களில் உள்ள காணொளிகளைச் செயலியின் கோர்களுக்குச் சுமை ஏற்றாமல் ஓட்டும். படம் பார்க்கவே கணினி வாங்குபவருக்கு ஆறாம் தலைமுறைக்கும் ஏழாம் தலைமுறைக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

எட்டாம் தலைமுறையில் நிதானமாக நிற்க வேண்டும், ஏனெனில் அந்த ஒரே எண்ணின் கீழ் குறைந்தது ஐந்து குறியீட்டுப் பெயர்கள் இருக்கின்றன. 2017 ஆகஸ்டில் வந்த ஐ5-8250யு கேபி லேக் ஆர். அதே ஆண்டு அக்டோபரில் மேசைக் கணினிக்கு வந்த ஐ7-8700கே, ஐ5-8400 ஆகியவை காஃபி லேக். 2018 மே மாதம் அரிதாக வெளிப்பட்ட ஐ3-8121யு கேனன் லேக், அதுவே இன்டெல்லின் முதல் 10 நானோமீட்டர் விற்பனைச் செயலி. 2018 ஆகஸ்டில் வந்த ஐ5-8265யு விஸ்கி லேக். விசிறியில்லாத மெல்லிய கணினிகளுக்கு வந்த ஐ5-8200ஒய் ஆம்பர் லேக். கடையில் நீங்கள் அடிக்கடி சந்திக்கப்போவது 8250யு, 8350யு ஆகிய கேபி லேக் ஆர் எண்களையும், 8265யு, 8365யு ஆகிய விஸ்கி லேக் எண்களையும்தான். இரண்டுக்கும் கோர் எண்ணிக்கை நான்கே. ஆனால் 2018 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்த மெல்ட்டவுன் என்னும் பாதுகாப்புக் குறைக்கு விஸ்கி லேக்கில் சிலிக்கனிலேயே திருத்தம் இருக்கிறது. கேபி லேக் ஆரில் இயக்க முறைமை அந்த வேலையைச் சுமக்க வேண்டும், அதற்குச் சிறிது வேகம் செலவாகும். விலை அருகருகே இருந்தால் விஸ்கி லேக்கையே எடுங்கள். இரண்டுக்கும் பொதுவான நன்மை ஒன்று உண்டு: விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வ ஆதரவு, மிகச் சில விலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10-இன் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. ஆகவே விண்டோஸ் பயன்படுத்துவோர் ஏழாம் தலைமுறையை வாங்குவதில் பொருளில்லை. லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு இந்த எல்லை கிடையாது.

ஒன்பதாம் தலைமுறை காஃபி லேக்கின் மறுவெளியீடு. பத்தில் காமெட் லேக்கும் ஐஸ் லேக்கும் இணைந்திருந்ததை முன்பே பார்த்தோம். பதினொன்றிலும் அதே நிலை: மடிக்கணினியில் டைகர் லேக், மேசைக் கணினியில் 14 நானோமீட்டர் ராக்கெட் லேக். டைகர் லேக்கின் ஐ5-1135ஜி7 இன்றும் பழைய சந்தையில் நான் முதலில் பரிந்துரைக்கும் செயலி. ஏவி1 என்னும் புதிய சுருக்க வடிவக் காணொளியை வன்பொருளிலேயே ஓட்டுகிறது, வரைகலையும் முந்தையவற்றைவிடக் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது.

2021 நவம்பரில் வந்த ஆல்டர் லேக் வேகமான கோர்களையும் சிக்கனமான கோர்களையும் ஒரே செயலியில் சேர்த்தது. ஆகவே அதன் பிறகு கோர் எண்ணிக்கையை மட்டும் கேட்டு முடிவெடுக்காதீர்கள். ஐ5-1235யு-வில் பத்துக் கோர்கள் உள்ளன என்றால், அவற்றில் இரண்டுதான் வேகமானவை, எட்டு சிக்கனமானவை. பதின்மூன்றாம் தலைமுறையின் ஐ5-1335யு-விலும் அதே இரண்டும் எட்டும். 2024-இல் 'ஐ' எழுத்து நீக்கப்பட்டு வந்த கோர் 5 120யு-விலும் அதே இரண்டும் எட்டும். மூன்றுக்கும் இடையில் வேக வேறுபாடு சிறியதே. ராப்டர் லேக் என்று பெயர்பெற்ற பதின்மூன்றாம் தலைமுறையின் மேசைக் கணினிச் செயலிகளுள்ளும் ஐ5-13400 சில சமயம் ஆல்டர் லேக் தகட்டிலிருந்தும் சில சமயம் ராப்டர் லேக் தகட்டிலிருந்தும் வெட்டப்பட்டு ஒரே பெயரில் விற்கப்பட்டது.

பதின்மூன்று, பதினான்காம் தலைமுறைகளின் மேசைக் கணினிச் செயலியைப் பழையதாக வாங்குவோர் ஒன்றை அவசியம் கேட்க வேண்டும். உயர்வகைச் செயலிகள் அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் காலப்போக்கில் நிலைகுலைவதை இன்டெல் 2024-இல் ஒப்புக்கொண்டு, அந்த ஆண்டு ஆகஸ்டில் தொடங்கி மைக்ரோகோட் (செயலியின் உள் கட்டளைத் தொகுப்பு) திருத்தங்களை வெளியிட்டது. அவை சேதத்தைத் தடுப்பவை. ஏற்கெனவே சேதமான செயலியைச் சரிசெய்பவை அல்ல. அவை மதர்போர்டின் தொடக்க மென்பொருளான பயாஸ் வழியே வருவதால், அது எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று கேளுங்கள்.

கணினியையே கேட்டு உறுதிசெய்தல்

இணையம் இருந்தால் இன்டெல்லின் ஆர்க் தளத்தில் முழு எண்ணைத் தேடுங்கள். 'கோட் நேம்' என்ற வரிசையில் குறியீட்டுப் பெயர் இருக்கும். விண்டோஸில் சிபியு-இசட் என்ற இலவசச் செயலி-ஆய்வு மென்பொருளும் அதே பெயரைக் காட்டும். கடைக்காரரின் கணினியில் எதையும் நிறுவ முடியாத நிலையில் எனக்குப் பெரிதும் உதவுவது வேறொரு வழி. கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'செட்' என்பதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து என்டரை அழுத்தினால் நீண்ட பட்டியல் வரும். அதில் 'பிராசசர் ஐடென்டிஃபையர்' என்ற வரியில் ஃபேமிலி, மாடல், ஸ்டெப்பிங் (திருத்தப் பதிப்பு) என மூன்று எண்கள் இருக்கும். லினக்ஸில் எல், எஸ், சி, பி, யு என்ற ஐந்து எழுத்துகளை இடைவெளியின்றி முனையத்தில் தட்டச்சு செய்தால் அதே மூன்றும் கிடைக்கும்.

ஃபேமிலி எண் 6 என்றிருக்கும். 1995-இன் பென்டியம் ப்ரோவிலிருந்து தொடர்ந்து வரும் எண் அது. மாடல் எண்ணே நமக்கு வேண்டியது. 42 சாண்டி பிரிட்ஜ், 58 ஐவி பிரிட்ஜ், 60, 69 ஹாஸ்வெல், 61 பிராட்வெல், 78 மடிக்கணினி ஸ்கைலேக், 94 மேசைக் கணினி ஸ்கைலேக், 126 ஐஸ் லேக், 140 டைகர் லேக், 167 ராக்கெட் லேக், 151, 154 ஆல்டர் லேக். இவற்றுக்கு நடுவில் 142 என்ற எண்ணைப் பாருங்கள். ஏழாம் தலைமுறை 7200யு-வைக் கேட்டால் 142 என்கிறது. 8250யு-வும் 142. 8265யு-வும் 142. பத்தாம் தலைமுறை என்று விற்கப்பட்ட 10210யு-வும் 142. ஒட்டுவில்லையில் எண் ஏழிலிருந்து பத்துக்கு ஏறியிருக்கிறது; சிலிக்கனோ தன்னை ஒரே மாடல் என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறது. வேறுபாடு ஸ்டெப்பிங்கில்தான்: 7200யு-வுக்கு 9, 8250யு-வுக்கு 10, விஸ்கி லேக்குக்கு 11 அல்லது 12, 10210யு-வுக்குப் பெரும்பாலும் 12. மெல்ட்டவுன் திருத்தம் சிலிக்கனில் இருக்கிறதா என்பதும் 10-க்கும் 11-க்கும் இடையில் விழும் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

லினக்ஸில் இன்னொரு சான்றும் தெரியும். முதல்நிலைத் தரவுக் கேஷ் (கோருக்குள் இருக்கும் சிறிய அதிவேக நினைவகம்) ஸ்கைலேக் வழிவந்த கோர் ஒவ்வொன்றிலும் 32 கிலோபைட். ஐஸ் லேக்கில் 48. நான்கு கோர்களுக்கும் கூட்டினால் 10210யு-வில் 128 என்றும் 1035ஜி1-இல் 192 என்றும் காட்டும். வில்லையைக் கிழித்தாலும் மாற்றி ஒட்டினாலும் இந்த எண் மாறாது.

மதர்போர்டில் செயலியை மாற்றுவோருக்கு

சாக்கெட் எண் பொருந்தினால் செயலி பொருந்தும் என்று நம்பி நானே ஒருமுறை பணத்தை இழந்திருக்கிறேன். நண்பரின் மேசைக் கணினியில் ஆறாம் தலைமுறைச் செயலி இருந்தது, எல்ஜிஏ 1151 சாக்கெட். ஐ5-8400-க்கும் 1151 என்றே எழுதியிருந்ததைப் பார்த்து வாங்கிவந்து பொருத்தினோம். சரியாக உட்கார்ந்தது; விசிறி சுழன்றது; திரையில் எதுவும் வரவில்லை. காஃபி லேக்குக்கு 1151-இன் ஊசிகளில் சிலவற்றின் பணியையே இன்டெல் மாற்றியிருந்தது. 300 வரிசைச் சிப்செட் (மதர்போர்டின் துணைச் சில்லு) கொண்ட மதர்போர்டுதான் அதற்கு வேண்டும். 100, 200 வரிசைகள் ஸ்கைலேக்குக்கும் கேபி லேக்குக்கும் உரியவை. ஆகவே சாக்கெட் எண்ணைப் பார்த்த பிறகு குறியீட்டுப் பெயரை மதர்போர்டு தயாரிப்பாளரின் ஆதரவுப் பட்டியலில் தேடி, பயாஸ் பதிப்பையும் சேர்த்துப் பார்த்த பின்னரே வாங்குங்கள். சாண்டி, ஐவி இரண்டுக்கும் 1155, ஹாஸ்வெல்லுக்கு 1150, காமெட், ராக்கெட் இரண்டுக்கும் 1200, ஆல்டர், ராப்டர் இரண்டுக்கும் 1700, ஆரோ லேக்குக்கு 1851.

பெயர் பொருந்தினாலும் கவனிக்க வேண்டியவை

இன்டெல் என்100 என்ற செயலியை 'ஆல்டர் லேக், 12-ஆம் தலைமுறை' என்று சொல்லி விற்பார்கள். அது ஆல்டர் லேக்-என். வேகமான கோர் ஒன்றுகூட இல்லாமல் நான்கு சிக்கனக் கோர்கள் மட்டுமே கொண்டது. பள்ளிப் பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்கும் சிறிய சர்வருக்கும் அது நல்ல செயலி. ஐ5-12400-க்கு ஈடாக எண்ணிக்கொண்டு வாங்கினால் ஏமாற்றமே.

2023 டிசம்பரில் வந்த மீட்டியர் லேக்கிலிருந்து உயர்வகை மடிக்கணினிகளுக்குக் கோர் அல்ட்ரா என்ற பெயரும் மூன்று இலக்க எண்ணும் வந்துவிட்டன. இந்த எண்களில் முதல் இலக்கம் வரிசையைச் சொல்கிறது, இறுதி எழுத்தே குறியீட்டுப் பெயரைத் தீர்மானிக்கிறது. 155எச் மீட்டியர் லேக். 200 வரிசையில் வி என்று முடிந்தால் 2024 செப்டம்பரில் வந்த லூனார் லேக். எச் என்று முடிந்தால் ஆரோ லேக். யு என்று முடிந்தால் ஆரோ லேக் என்ற பெயரைத் தாங்கிய, மேம்படுத்தப்பட்ட மீட்டியர் லேக். லூனார் லேக்கில் நினைவகம் செயலியுடனேயே ஒரே பொதியில் பதிக்கப்பட்டிருப்பதால் பின்னர் ராம் கூட்ட வழியில்லை. எண்ணின் கடைசி இலக்கம் 8 என்றால் 32 ஜிபி, 6 என்றால் 16 ஜிபி. 258வி-க்கும் 256வி-க்கும் இடையில் எது வேண்டும் என்பதை வாங்கும் நாளிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.